கண்ணாடிச் சீட்டும் கடைக்காரரின் அளவுகோலும்: வாசகர் கேள்வி பதில்

கண்ணாடிக் கடையில் நெடுங்காலம் லென்ஸ் தேய்த்தும் பொருத்தியும் பழகிய எங்கள் பகுதியாளர், வாசகர்களின் கேள்விகளுக்கு இங்கே விடையளிக்கிறார்.

என் தந்தைக்கு ஒரே மாதத்தில் இரண்டு இடங்களில் கண் பரிசோதனை செய்தோம். வலது கண்ணுக்கு முதல் சீட்டில் −2.00, +0.50, 90 என்றும், இரண்டாவது சீட்டில் −1.50, −0.50, 180 என்றும் எழுதியிருக்கிறார்கள். இவற்றில் எது தவறு?
ஒரு வாசகி, கும்பகோணம்

இரண்டும் சரியானவை, இரண்டும் ஒரே கண்ணாடியைத்தான் குறிக்கின்றன. சீட்டில் ‘ஸ்பியர்’ என்ற தலைப்பின் கீழ் வரும் முதல் எண், லென்ஸ் எல்லாத் திசைகளிலும் ஒரே அளவாகத் தரும் திறனாகும். அதன் அலகு டயாப்டர். குவியத் தொலைவை மீட்டரில் எடுத்து, ஒன்றை அதனால் வகுத்தால் கிடைப்பது. மைனஸ் 2 என்றால், கண்ணாடி இல்லாமல் அந்தக் கண்ணுக்கு அரை மீட்டர் வரை தெளிவு, அதற்கு அப்பால் மங்கல் என்று பொருள். 1872ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டுக் கண் மருத்துவர் மொனுவாயே இந்த அலகை முன்மொழிவதற்கு முன்னால், லென்சுகளை அங்குலக் கணக்கில் குறித்து வந்தார்கள்.

குழப்பம் தருவது ‘சிலிண்டர்’ என்னும் இரண்டாவது எண்ணே. கருவிழியின் மேற்பரப்பு பந்தைப் போல எல்லாத் திசையிலும் சமமாக வளையாமல், கரண்டியின் முதுகைப் போல ஒரு திசையில் கூடுதலாகவும் அதன் குறுக்கே குறைவாகவும் வளைந்திருந்தால், அதைப் பார்வைச் சிதறல் என்கிறோம். அதைத் திருத்தும் உருளை வடிவ லென்சுக்குத் தன் அச்சின் வழியே திறன் கிடையாது. அச்சுக்குக் குறுக்கே முழுத் திறனும் உண்டு. தம் இடது கண்ணின் சிதறலைத் தாமே அளந்தறிந்து, 1825ஆம் ஆண்டில் அதற்கு ஏற்ற உருளை லென்ஸைச் செய்வித்துக்கொண்டவர் இங்கிலாந்தின் வானியலாளர் ஜார்ஜ் ஏரி.

இனி உங்கள் தந்தையின் சீட்டுகளுக்கு வருவோம். மூன்றாவது எண் அச்சைப் பாகையில் குறிப்பது. முதல் சீட்டில் அச்சு 90, அதாவது செங்குத்து; ஆகவே அந்தத் திசையில் திறன் −2.00, அதன் குறுக்கே +0.50 சேர்ந்து −1.50. இரண்டாவது சீட்டில் அச்சு 180, அதாவது கிடைமட்டம். அந்தத் திசையில் −1.50, அதன் குறுக்கே −0.50 சேர்ந்து −2.00. செங்குத்தில் −2.00, கிடையில் −1.50 என்பதை இரண்டு சீட்டுகளும் இரண்டு வழிகளில் சொல்கின்றன. ஒருவர் சிலிண்டரை பிளஸ்ஸில் எழுதிப் பழகியவர், மற்றவர் மைனஸில் எழுதுபவர், அவ்வளவுதான். ஒரு முறையிலிருந்து மற்றொன்றுக்கு மாற்ற, முதல் இரண்டு எண்களையும் குறியோடு கூட்டி ஸ்பியராக வைத்து, சிலிண்டரின் குறியை மட்டும் மாற்றி, அச்சை 90 பாகை திருப்பினால் போதும்.

கடையில் ஏதாவது ஒரு சீட்டை முழுமையாகக் கொடுங்கள். ஒன்றிலிருந்து ஸ்பியரையும் இன்னொன்றிலிருந்து சிலிண்டரையும் எடுத்துச் செய்த கண்ணாடியை நான் என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். அச்சிலும் கவனம் தேவை. பத்துப் பாகை பிசகினால், திருத்த வேண்டிய சிதறலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு திருத்தப்படாமல் நின்றுவிடும்; முப்பது பாகை பிசகினால், திசை மாறியதொரு சிதறல் அதே அளவில் மிஞ்சும், சிலிண்டர் போட்டும் போடாததற்குச் சமம்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். இப்படி மாற்றி எழுதிப் பார்த்த பிறகும் எண்கள் உண்மையிலேயே வேறுபட்டிருந்தால், தந்தைக்குச் சர்க்கரை நோய் உண்டா என்று பாருங்கள். இரத்தத்தில் சர்க்கரை ஏறி இறங்கும்போது கண்ணின் லென்ஸும் மாறுதலுக்கு உள்ளாகி, பவர் சில வாரங்களுக்குள்ளேயே மாறக்கூடும். சர்க்கரை கட்டுக்குள் வந்து நிலைத்த பின்னர் எடுக்கும் அளவை நம்பிக் கண்ணாடி செய்வதே நல்லது.

எனக்கு இரண்டு கண்களிலும் −6.00. புதுக் கண்ணாடி போட்டதிலிருந்து மாலையில் தலைவலிக்கிறது. கடையில் கருவியில் வைத்துப் பார்த்துவிட்டு, பவர் சீட்டில் உள்ளபடியே இருக்கிறது, பழகிவிடும் என்கிறார்கள். பழகுமா?
ஒரு வாசகர், மதுரை

சில நாட்கள் பொறுத்துப் பார்ப்பதில் தவறில்லை. ஆனால் பவர் சரி என்பது பாதி விடைதான். அந்தப் பவர் உங்கள் கண்பாவைக்கு நேரே இருக்கிறதா என்பது மீதிப் பாதி. லென்சுக்கு ஒளியியல் மையம் என்று ஓர் இடம் உண்டு. அதன் வழியே பார்க்கும்போது மட்டுமே பொருள் தன் இடத்திலேயே தெரியும். மையத்தை விட்டு விலகிப் பார்க்கும்போது லென்ஸ் ஒரு பட்டகம்போல் (பிரிசம்போல்) நடந்துகொண்டு, பொருளை இடம் பெயர்த்துக் காட்டும். எவ்வளவு பெயர்க்கும் என்பதற்கு எளிய கணக்கு உண்டு: விலகிய தூரத்தைச் சென்டிமீட்டரில் எடுத்து, பவரால் பெருக்க வேண்டும்.

உங்கள் பாவைகளுக்கு இடையே 60 மில்லிமீட்டர் என்றும், கடையில் லென்ஸ் மையங்களை 66 மில்லிமீட்டரில் அமைத்துவிட்டார்கள் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கண்ணுக்கும் 3 மில்லிமீட்டர், அதாவது 0.3 சென்டிமீட்டர் விலகல். அதை 6ஆல் பெருக்கினால் 1.8, இரண்டு கண்களுக்குமாக 3.6 பட்டக டயாப்டர். மைனஸ் லென்ஸில் மையங்கள் இப்படி அகன்று போனால், கண்கள் ஒவ்வொரு நொடியும் வெளிப்பக்கமாக விலகி நிற்க வேண்டியிருக்கும். உள்நோக்கிக் குவிவது கண்களுக்கு அன்றாட வேலை. வெளியே விலகுவதில் அவற்றுக்குத் திறமை மிகக் குறைவு. தலைவலி அங்கிருந்து வரக்கூடும். ஒரு டயாப்டர் பவர் உள்ளவருக்கு இதே பிசகு 0.6தான், அவர் அதை உணராமலே காலம் தள்ளிவிடுவார். பவர் ஏற ஏறப் பிழைக்கு இடம் குறைகிறது.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். ஜன்னல் கம்பிகள் குறுக்கும் நெடுக்குமாகச் சந்திக்கும் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து, கண்ணாடியைக் கையை நீட்டிப் பிடித்து, ஒரு லென்ஸின் வழியாக அதைப் பாருங்கள். லென்சுக்கு உள்ளே தெரியும் கம்பியும் வெளியே தெரியும் கம்பியும் முறியாமல் ஒரே கோடாகச் சேரும் வரை கண்ணாடியை நகர்த்தி, அந்த இடத்தில் ஸ்கெட்ச் பேனாவால் புள்ளி வையுங்கள். மற்ற லென்ஸிலும் அவ்வாறே செய்து, புள்ளிகளுக்கு இடையே உள்ள தூரத்தை அளந்து, சீட்டில் ‘பி.டி.’ என்று, அதாவது பாவைகளுக்கு இடையே உள்ள தூரமாக, குறித்திருக்கும் எண்ணோடு ஒப்பிடுங்கள். சீட்டில் அந்த எண் இல்லையென்றால், கடையில் உங்கள் கண்ணை அளந்தார்களா என்பதை நினைவுபடுத்திப் பாருங்கள். அளக்காமல் செய்த கண்ணாடியைப் பழகிக்கொள்ளச் சொல்வது நியாயமில்லை. திருப்பிக் கொடுத்து மாற்றித் தரும்படி கேளுங்கள்.

எனக்கு மைனஸ் 8. லென்ஸ் சோடா பாட்டில் அடிபோல் இருக்கிறது. 1.74 என்ற விலை உயர்ந்த லென்ஸ் போட்டால் மெலிதாகிவிடும் என்கிறார்கள். அவ்வளவு செலவு தேவையா?
ஒரு மாணவி, திருநெல்வேலி

1.74 என்பது ஒளிவிலகல் எண். சாதாரண பிளாஸ்டிக் லென்சுக்கு அது 1.50, பழைய கண்ணாடி லென்சுக்கு 1.52, பாலிகார்பனேட்டுக்கு 1.59, அதற்கு மேல் 1.60, 1.67, 1.74 என்று ஏறும். எண் ஏறினால் அதே பவருக்கு வளைவு குறைவாகப் போதும். ஆகவே லென்ஸ் மெலியும். கடைக்காரர் சொல்வது பொய்யில்லை. ஆயினும் தடிமனைத் தீர்மானிப்பதில் லென்ஸைவிட பிரேமுக்குப் பங்கு அதிகம் என்பதைப் பலரும் சொல்வதில்லை.

பிரேமின் காதுக்கம்பியின் உட்புறத்தில் 54, 18, 140 என்பது போன்ற எண்கள் அச்சிடப்பட்டிருக்கும். முதலாவது ஒரு லென்ஸின் அகலம், இரண்டாவது மூக்குப் பாலத்தின் அகலம், மூன்றாவது கம்பியின் நீளம். முதல் இரண்டையும் கூட்டினால் 72. உங்கள் பாவைகளுக்கு இடையே 62 மில்லிமீட்டர் என்றால், ஒவ்வொரு லென்ஸின் மையத்தையும் 5 மில்லிமீட்டர் மூக்கை நோக்கித் தள்ள வேண்டும். அதனால் மையத்திலிருந்து காதுப்பக்க விளிம்பு 32 மில்லிமீட்டர் தொலைவுக்குப் போய்விடும். மைனஸ் லென்ஸின் விளிம்புத் தடிமனோ அந்தத் தொலைவின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுகிறது. கணக்கிட்டால், அகலமான இந்தப் பிரேமில் 1.74 லென்ஸ்கூட மையத்தைவிட விளிம்பில் ஏறத்தாழ 5.5 மில்லிமீட்டர் கூடுதல் தடிமனாக இருக்கும். 46, 18 அளவுள்ள சிறிய பிரேமில் அந்தத் தொலைவு 24 மில்லிமீட்டர்தான், அதில் 1.67 லென்சுக்கு 3.4 மில்லிமீட்டர், மிக மலிவான 1.50 லென்சுக்குமே 4.6 மில்லிமீட்டர்தான். மலிவு லென்ஸை மையத்தில் சற்றுத் தடிமனாக விட வேண்டும் என்பதைக் கணக்கில் சேர்த்தாலும், சிறிய பிரேமில் போட்ட அது, பெரிய பிரேமில் போட்ட விலை உயர்ந்த லென்சுக்குத் தோற்காது.

ஆகவே முதலில் பிரேமின் அகலத்தைக் குறையுங்கள். வட்டத்தை ஒட்டிய வடிவமாக இருந்தால் இன்னும் நல்லது. அதன் பிறகு 1.67 எடுத்தால் போதும் என்பது என் கருத்து. 1.67, 1.74 போன்ற லென்சுகள் ஒளியை நிறம் பிரிப்பதும் அதிகம். ஓரமாகப் பார்த்தால் விளக்குகளைச் சுற்றி மெல்லிய நிறக்கரை தெரியலாம். பிரதிபலிப்பும் அதிகம்: 1.50 லென்ஸின் ஒவ்வொரு பரப்பும் ஒளியில் சுமார் 4 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பும், 1.74 லென்ஸில் அது 7 விழுக்காட்டைத் தாண்டும். எனவே இவற்றுக்குப் பிரதிபலிப்பைத் தடுக்கும் பூச்சு கட்டாயம் வேண்டும். பிரேமில் மிச்சம் பிடித்த பணத்தை அந்தப் பூச்சுக்குக் கொடுங்கள்.

ஒன்பது வயது மகளுக்கு −1.25 என்றார்கள். கண்ணாடி போட்டால் பவர் ஏறிக்கொண்டே போகும், குறைத்துப் போடச் சொல் என்கிறார் என் மாமியார். என்ன செய்வது?
ஒரு வாசகி, சேலம்

கண்ணாடி போட்டதனால் பவர் ஏறுவதில்லை. வளரும் வயதில் விழியும் நீளுகிறது. ஒரு மில்லிமீட்டர் நீண்டால் ஏறக்குறைய இரண்டரை முதல் மூன்று டயாப்டர் வரை கிட்டப்பார்வை கூடும். போடாத குழந்தைக்கும் அது கூடத்தான் செய்யும். வேண்டுமென்றே குறைத்துக் கொடுப்பதால் ஏற்றம் தடைப்படுவதில்லை; குழந்தைக்குக் கரும்பலகை மங்கலாகத் தெரிவதுதான் கண்ட பலன். மாமியாரிடம் இதைப் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள்.

ஆனால் −1.25 என்பது எப்படிக் கிடைத்தது என்று கேட்டறியுங்கள். குழந்தைகளின் கண் அருகில் உள்ளதைப் பார்க்கத் தன்னைத் திருத்திக்கொள்ளும் ஆற்றல் மிக்கது. கருவிக்குள் பார்க்கும்போது அது தானாக இறுகி, இல்லாத மைனஸைக் காட்டிவிடும். சொட்டு மருந்து விட்டு அந்த இறுக்கத்தைத் தளர்த்திப் பார்த்த அளவே நம்பத்தக்கது. ‘கம்ப்யூட்டர் கண் பரிசோதனை’ என்று பலகையில் எழுதியிருப்பதன் அச்சுத் துண்டு பரிசோதனையின் தொடக்கமே தவிர முடிவன்று. பவர் ஆண்டுதோறும் வேகமாக ஏறுமானால், ஏற்றத்தை மெதுவாக்கும் சொட்டு மருந்தும் தனி வகை லென்சுகளும் உள்ளன. கண் மருத்துவரைக் கேளுங்கள். வெளிவெளிச்சத்தில் நாள்தோறும் விளையாட விடுங்கள்.

நான் நகை வேலை செய்பவன், வயது 52. தூரத்துக்குக் கண்ணாடி இல்லை. படிக்க +2.00 போதும் என்கிறார்கள். செய்தித்தாள் படிக்க முடிகிறது, ஆனால் கல் பதிக்கும்போது தெளிவில்லை.
ஒரு வாசகர், கோயம்புத்தூர்

செய்தித்தாளை நீங்கள் 40 சென்டிமீட்டரில் பிடிக்கிறீர்கள், அதற்கு 2.50 டயாப்டர் தேவை. கண்ணில் மிஞ்சியிருக்கும் சிறிதளவு ஆற்றலோடு +2.00 சேர்ந்து அது நிறைவேறிவிடுகிறது. கல் பதிக்கும்போது நகையை 25 சென்டிமீட்டருக்குக் கொண்டுவருவீர்கள். அங்கே 4 டயாப்டர் வேண்டும். வெள்ளெழுத்துக்குப் பவர் எழுதுபவர் வயதை மட்டும் கேட்டால் போதாது, தொழிலையும் கேட்க வேண்டும். பட்டறையில் நீங்கள் உட்காரும் விதத்தில் உட்கார்ந்து, கண்ணுக்கும் நகைக்கும் உள்ள தூரத்தை ஒருவரை விட்டு டேப்பால் அளந்து, அதை எழுதி எடுத்துக்கொண்டு பரிசோதனைக்குப் போங்கள். பட்டறைக்கென்று தனிக் கண்ணாடி செய்துகொள்வதே உங்களுக்குப் பொருத்தம். சாலையோரத்தில் விற்கும் ஆயத்தக் கண்ணாடியில் இரு பக்கமும் ஒரே பவர்தான், சிதறலுக்குத் திருத்தம் கிடையாது, மைய இடைவெளியும் உங்களுடையதன்று. பத்திரிகை புரட்ட அது போதலாம், எட்டு மணி நேர வேலைக்குப் போதாது.

கே.டி., டி, புரொகிரசிவ் ஆகியவற்றில் எது நல்லது?
ஒரு வாசகர், திருச்சி

மூன்றும் தூரத்துக்கும் படிப்பதற்கும் ஒரே கண்ணாடியில் பவர் தருபவை. கே.டி. லென்ஸில் படிக்கும் பகுதி வட்டமாகவும், டி லென்ஸில் மேல்புறம் தட்டையாகவும் இருக்கும். டி லென்ஸில் பார்வை மேலிருந்து கீழே மாறும்போது பிம்பம் துள்ளுவது குறைவு. இரண்டிலும் தூரம், படிப்பு என இரண்டே பவர்கள். அதனால்தான் படியிறங்குகையில் கீழ்ப்பகுதி வழியே பார்த்தால் படி மங்குகிறது, தலையைச் சற்றுத் தாழ்த்தினால் தெளிகிறது. பிரான்சில் பெர்னார் மெத்தனா வடிவமைத்து 1959ஆம் ஆண்டில் வாரிலக்ஸ் என்ற பெயரில் வெளிவந்த புரொகிரசிவ் லென்ஸில் பவர் படிப்படியாகக் கூடுவதால், கணினித் தொலைவும் கிடைக்கும். அதற்கு விலையாக இரு ஓரங்களும் கலங்கித் தெரியும். கணினி முன்னால் உட்காருபவருக்கு அதையே பரிந்துரைப்பேன். ஆனால் பிரேமைப் போட்டுப் பார்த்து, பாவையின் உயரத்தை ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனியே பேனாவால் குறிக்காத கடையில் அதை வாங்காதீர்கள்.

புளூ கட் லென்ஸ் அவசியமா?
ஒரு வாசகி, சென்னை

நீல ஒளியைத் தடுப்பதாகச் சொல்லி விற்கும் லென்ஸ் அது. அவசியம் இல்லை. மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து ஆராயும் காக்ரேன் அமைப்பு 2023ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, 17 சோதனைகளை ஆராய்ந்து, கணினியால் வரும் கண் சோர்வைக் குறுகிய காலத்தில் அது குறைப்பதாகத் தெரியவில்லை என்றே சொல்கிறது. திரையைப் பார்க்கையில் நாம் இமைப்பது குறைவு. எரிச்சலுக்கு அதுவே பெரும்பாலும் காரணம்.

லென்ஸில் வலைபோல் மெல்லிய கீறல்கள் விழுந்துவிட்டன. கீழே போடவே இல்லை. எப்படி வந்தது?
ஒரு வாசகர், ஈரோடு

வெயிலில் நிறுத்திய காருக்குள் கண்ணாடியை வைத்திருப்பீர்கள், அல்லது வெந்நீரில் கழுவியிருப்பீர்கள். சூட்டில் பிளாஸ்டிக் விரிவடையும் அளவுக்கு அதன் மேல் உள்ள பூச்சு விரிவதில்லை. ஆகவே பூச்சு வெடித்து வலைபோல் ஆகிறது. அதைத் தேய்த்துச் சரிசெய்ய வழியில்லை, லென்ஸைத்தான் மாற்ற வேண்டும். புதியதைக் குழாய்த் தண்ணீரில் முதலில் அலசி, தூசி போன பிறகு துணியால் ஒற்றி எடுங்கள். வேட்டி முனையால் உலர்ந்த லென்ஸைத் துடைக்கும் பழக்கம் எனக்கும் இருந்தது. என் கண்ணாடியில் இன்னும் அந்தக் கோடுகள் இருக்கின்றன.