அறை வாடகையை நீங்களே கொடுங்கள்

கேள்வி: தனியார் நிறுவனம் ஒன்றில் ஆறு ஆண்டுகளாகக் கணக்கராக வேலை பார்க்கிறேன். இரண்டு நாள் விடுமுறை கிடைத்தாலும் பைக்கில் கொடைக்கானலுக்குக் கிளம்பிவிடுவேன். நான் எடுக்கும் வீடியோக்களை எல்லோரும் பாராட்டுகிறார்கள். வேலையை விட்டுவிட்டு முழுநேரப் பயணப் பதிவராகிவிடலாம் என்று நினைக்கிறேன். இந்தத் துறையில் இருக்கும் என் நண்பருக்கு விடுதிகள் இலவசமாக அறை கொடுக்கின்றன. ஊர் சுற்றிக்கொண்டே சம்பாதிக்கலாம் அல்லவா? வீட்டில் எதிர்க்கிறார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், ஒட்டன்சத்திரம்

பதில்: வேலையை விடாதீர்கள். இப்போதைக்கு விடவே விடாதீர்கள்.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மலை மீது உங்களுக்கு இருக்கும் பிரியம் உண்மையானது. ஆனால் "இலவசமாக" என்ற சொல்லைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. நீங்கள் கணக்கு எழுதுபவர். ஒருவருக்கு ஓர் அறை வரவானால், வேறு யாருடைய ஏட்டிலோ அது செலவாக எழுதப்பட்டிருக்கும். அந்தச் செலவு யாருடையது என்று உங்கள் நண்பரிடம் கேட்டீர்களா?

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன்பு நான் பயணக் கட்டுரைகள் எழுதிக்கொண்டிருந்தபோது, பழனி மலைத்தொடரில் புதிதாகத் திறந்த ஒரு விடுதியிலிருந்து அழைப்பு வந்தது. இரண்டு இரவு தங்கல், மூன்று வேளையும் சாப்பாடு, வந்து போகக் கார். இரண்டாம் நாள் விடியற்காலையில் நடக்கப் போனவன், சமையற்கட்டின் பின்புறம் ஒரு குழாயைப் பார்த்தேன். எண்ணெயும் சோப்பு நுரையும் கலந்த கழிவுநீர் நேராக ஓடையில் இறங்கிக்கொண்டிருந்தது. ஓடைக் கற்களின் மேல் வெள்ளையாகக் கொழுப்பு படிந்திருந்தது. ஊருக்குத் திரும்பிவந்து பனிமூட்டத்தைப் பற்றியும் கணப்பு அடுப்பைப் பற்றியும் எழுதினேன். குழாயைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. எழுதாதே என்று யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. வாசலில் நின்று வரவேற்றவரின் முகம் கண்முன் வந்தது, பேனா தானாக விலகிப் போய்விட்டது. கட்டுரை வெளிவந்த சில நாட்களில் ஓர் அஞ்சலட்டை வந்தது. அந்த ஓடைக்குக் கீழே இருக்கும் கிராமத்துக்காரர் ஒருவர் எழுதியிருந்தார்: "ஐயா, நாங்கள் குடிக்கும் தண்ணீர் அதுதான்."

என் இரண்டு இரவுக்கும் வாடகை கொடுத்தவர் அவர். அந்த அட்டை இன்றும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. அதன் பிறகு இலவச அறை எதிலும் நான் தங்கியதில்லை.

இப்போது இதற்கு விதிமுறைகளும் வந்துவிட்டன. இலவசத் தங்கலோ பயணமோ பெற்றுக்கொண்டு ஓர் இடத்தைப் பரிந்துரைப்பவர், அதைப் பார்ப்பவர்கள் கண்ணில் படும்படி வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வழிகாட்டுதல் வெளியிட்டது. மக்களைத் தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். மீண்டும் செய்தால் 50 லட்சம் வரை. வரியும் உண்டு. ஒரு நிறுவனம் தொழில் தொடர்பாக ஒருவருக்கு ஓராண்டில் 20,000 ரூபாய்க்கு மேல் சலுகையாகவோ பொருளாகவோ தந்தால், அதன் மதிப்பில் 10 சதவீதம் வரி பிடிக்க வேண்டும் என்ற விதி 2022 ஜூலை முதல் நடப்பில் இருக்கிறது. உங்கள் நண்பர் வீடியோவின் தொடக்கத்தில் "இந்த அறைக்கு நான் பணம் கொடுக்கவில்லை" என்று சொல்கிறாரா? சொன்னால் அவரை மதிக்கிறேன்.

ஊர் சுற்றிக்கொண்டே சம்பாதிக்கலாம் என்கிறீர்கள். போன தை மாதம் கொடைக்கானல் மேல்மலையில், பூம்பாறை என்ற ஊரில், இந்தத் தொழிலில் இருக்கும் ஓர் இளைஞரோடு ஒரு நாள் முழுவதும் இருந்தேன். நல்ல பையன், கடும் உழைப்பாளி. காலை நாலரைக்கு எழுந்து, படிக்கட்டு வயல்கள் தெரியும் சாலை வளைவில் போய் உட்கார்ந்தார். ஒன்பது மணி வரை மூடுபனி விலகவில்லை. விலகியபோது ஒரு நிமிடம் போலத் தெளிந்து, மறுபடியும் மூடிக்கொண்டது. அதற்குள் குளிரில் பேட்டரி இறங்கிவிட்டது. மதியம், தங்கியிருந்த வீட்டு அம்மா சுடச்சுடச் சோறும் பூண்டுக் குழம்பும் வைத்தார். நான்கு பக்கமிருந்தும் அதைப் படம் எடுத்து முடிப்பதற்குள் குழம்பில் ஆடை படிந்துவிட்டது. அந்த அம்மா ஒன்றும் சொல்லாமல் எடுத்துப் போய்ச் சூடாக்கிக் கொண்டுவந்தார். மறுபடியும் படம், மறுபடியும் ஆறியது. இரவு ஒன்றரை மணிக்கு, கம்பளியைப் போர்த்திக்கொண்டு மொட்டை மாடியில் சிக்னல் தேடி நின்றார்.

அதே வீட்டின் சமையலறைப் பரணில் பூண்டு அடுப்புப் புகையில் காய்ந்துகொண்டிருந்தது. இந்த மண்ணுக்கே உரிய பொருள் என்ற அங்கீகாரமான புவிசார் குறியீட்டை 2019-இல் பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு அதுதான். எத்தனை நாள் புகை போடுவார்கள், வடுகப்பட்டிச் சந்தையில் என்ன விலை கிடைக்கிறது, விலை விழுந்த ஆண்டில் அந்த அம்மா என்ன செய்தார் – இதையெல்லாம் கேட்க அந்த இளைஞருக்கு நேரமே இருக்கவில்லை. மறுநாள் வேறு ஓர் ஊரில் வேறு ஒரு வீடியோ எடுத்தாக வேண்டும். ஊர் சுற்றத்தான் இந்தத் தொழிலுக்கு வந்தார். வந்தபின் ஊரைப் பார்க்க அவருக்கு வாய்க்கவில்லை. அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை, ஆற்றாமைதான் இருக்கிறது.

பணக் கணக்கையும் பார்த்துவிடுங்கள். யூடியூபில் விளம்பர வருமானம் பெற, வழக்கமான நீள வீடியோ போடுகிறவருக்கு 1,000 சந்தாதாரர்களும் கடந்த 12 மாதங்களில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். பிறகு வரும் விளம்பரப் பணத்தில் 55 சதவீதம் உங்களுக்கு. அதுவும் 100 டாலர் சேர்ந்த பிறகே கைக்கு வரும். பெட்ரோல், கேமரா தவணை, பழுது எல்லாம் உங்கள் பொறுப்பு. பி.எஃப். கிடையாது. காய்ச்சலில் படுத்தால் அந்த மாதம் வரவு கிடையாது. இந்த இடைவெளியில்தான் இலவச அறை கொடுப்பவரும், பை விற்பவரும், பயண ஏற்பாட்டாளரும் உங்களைத் தேடி வருவார்கள். மாதச் சம்பளம் இருந்தால் அவர்களுக்கு "வேண்டாம்" என்று சொல்ல முடியும். வேலையை விடாதீர்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

மலையையும் நினைத்துப் பாருங்கள். 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு வாகனத்தில் போக இணையத்தில் முன்பதிவு செய்து வாங்கும் இ-பாஸ் வந்தது. 2025 கோடையில் வார நாட்களில் நாளுக்கு 4,000 வாகனங்கள், வார இறுதியில் 6,000 என்று சென்னை உயர் நீதிமன்றம் வரம்பு கட்டியது. மலை தாங்கவில்லை என்பதால்தான் நீதிமன்றம் தலையிட்டது. இந்த நிலையில் "யாருக்கும் தெரியாத அருவி" என்று தலைப்பு வைத்து வழியையும் காட்டுகிறார்கள். யாருக்கும் தெரியாத இடமா? அங்கே மாடு மேய்ப்பவருக்குத் தெரியும், வனக் காவலருக்குத் தெரியும், அந்தத் தண்ணீரைக் குடிப்பவருக்குத் தெரியும். காட்டுக்குள் இருக்கும் பேரிஜம் ஏரிக்குப் போக வனத்துறை அனுமதி கேட்பது சும்மா இல்லை. வெள்ளகவி என்ற மலைக்கிராமத்து மக்கள் தங்கள் ஊருக்குள் செருப்பு அணிவதில்லை. ஷூ காலோடு அந்தத் தெருவில் நடந்து படம் எடுப்பவருக்கு எத்தனை லட்சம் பார்வை கிடைத்தாலும் அது எனக்கு அவமானமாகவே படுகிறது. சில இடங்களின் பெயரைச் சொல்லாமல் விடவும் நீங்கள் பழகிக்கொள்ள வேண்டும்.

இவ்வளவு சொன்னாலும் உங்கள் ஆசையை நான் தடுக்கவில்லை. உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். கொடைக்கானலை விடுங்கள், அதைப் படம் எடுக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள். உங்கள் ஊரிலிருந்தே வடகாடு, பரப்பலாறு அணை வழியாகப் பாச்சலூருக்கு மலைப்பாதை போகிறது. பஸ்ஸில் போங்கள். கீழ்மலைத் தோட்டங்களில் விருப்பாச்சி மலைவாழை விளைகிறது. பழனி பஞ்சாமிர்தத்துக்கு மணம் தருவது அந்தப் பழம்தான். ஒரு காலத்தில் இலைகள் நுனியில் கொத்தாகக் குறுகிப்போகும் முடிக்கொத்து நோய் அந்த வாழையைத் தோட்டம் தோட்டமாக அழித்தது. இன்று யார் அதை வளர்க்கிறார்கள், கன்று எங்கே வாங்குகிறார்கள், தார் மலையிறங்கிப் பழனிக்கு எப்படிப் போகிறது, இடையில் எத்தனை கை மாறுகிறது? நான்கு வார இறுதிகள் அதே ஊருக்குப் போய், அதே மனிதர்களிடம் பேசுங்கள். முதல் முறை படம் எடுக்க வேண்டாம். உணவு வைத்தால் சூடாக இருக்கும்போதே சாப்பிடுங்கள்.

எழுதி எனக்கு அனுப்புங்கள். நன்றாக இருந்தால் அடுத்த இதழ்களில் ஒன்றில் வெளியிட்டு, எங்கள் வழக்கப்படி சன்மானம் தருவோம். பெரிய தொகை இல்லை. பஸ் டிக்கெட்டுகளையும் தங்கிய அறைக்கு நீங்கள் கொடுத்த வாடகை ரசீதையும் கட்டுரையோடு இணைத்து அனுப்புங்கள். அந்தச் செலவை இதழ் தனியாகக் கொடுத்துவிடும்.