சொந்தத் தொழில் ஆசை எங்கிருந்து வருகிறது? பர்மா தமிழ் மாணவர்களின் கேள்விகளும் என் பதில்களும்

யாங்கோனில் (பழைய பெயர் ரங்கூன்) முப்பது வருஷம் வணிகவியல் சொல்லிக் கொடுத்தவன் நான். இப்போது பயின்னவுங் சந்தையில் தம்பியின் பருப்புக் கடையில் கணக்குப் பார்க்கிறேன். பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்குச் சொந்தத் தொழிலில் நாட்டம் எதனால் வருகிறது, எதனால் வராமல் போகிறது என்று கேட்டு வந்த கேள்விகளில் சிலவற்றை இங்கே எடுத்துக்கொண்டேன்.

பெகு, இரண்டாம் ஆண்டு மாணவி: சார், வியாபாரம் ரத்தத்திலேயே இருக்க வேண்டும் என்கிறார்கள். எங்கள் வீட்டில் எல்லோரும் சம்பளக்காரர்கள். எனக்கு வருமா?

வரும், தங்கச்சி. சுவீடனில் தத்துப் பிள்ளைகளின் பதிவுகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2015இல் வெளியானது. பெற்றவர் ஒருவர், வளர்த்தவர் வேறொருவர் என்பதால் ரத்தத்தையும் வளர்ப்பையும் பிரித்துப் பார்க்க முடிந்தது. பெற்றோர் சொந்தத் தொழில் செய்தால் பிள்ளையும் அந்த வழிக்கு வரும் வாய்ப்பு ஏறத்தாழ 60 சதவீதம் கூடுகிறது. அதில் வளர்ப்பின் பங்கு பிறப்பின் பங்கைப் போல இரண்டு மடங்கு. அதாவது பெரும்பகுதி பார்த்துப் பழகி வருவது. உங்கள் வீட்டில் பார்க்க வழியில்லை என்றால் மாமா கடையில் பாருங்கள். விடுமுறையில் ஒரு மாதம் நில்லுங்கள். சரக்கு இறங்கும்போது மூட்டையை யார் எண்ணுகிறார், கடன் கேட்டு வருபவரிடம் முகம் கோணாமல் எப்படி மறுக்கிறார் என்று கவனியுங்கள்.

தட்டோன், ஒரு தாய்: வாத்தியார் ஐயா, பள்ளி இறுதித் தேர்வில் மகனுக்கு மருத்துவத்துக்கு மார்க் வரவில்லை. கடை வைக்கிறேன் என்கிறான். என் மாமனார் கடை வைத்து எல்லாவற்றையும் இழந்தவர். எனக்குப் பயமாக இருக்கிறது.

அம்மா, உங்கள் பயத்தை நான் லேசாக எடுக்க மாட்டேன். எங்கள் வீட்டிலும் அதே கதைதான். 1964 மார்ச்சில் ரங்கூன் கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. மே மாதம் 50, 100 சாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். அப்பாவின் கடைச் சாவி பிறகு எந்தப் பூட்டையும் திறக்கவில்லை. ஆனாலும் அம்மா அதைச் சாமிப் படத்துக்குப் பின்னால் கடைசி வரை வைத்திருந்தார். கப்பலேறிய சொந்தக்காரர்கள் எத்தனை பேர்! மிஞ்சியவர்களுக்கு 1987 செப்டம்பரில் இன்னொரு அடி. 25, 35, 75 சாட் நோட்டுகள் ஈடு எதுவும் இல்லாமல் ஒரே நாளில் வெறும் காகிதமாயின. அதன் பிறகு நம் வீடுகளில் ஒரே பேச்சு: கடையைப் பிடுங்குவான், பணத்தைப் பிடுங்குவான், படிப்பை எவனாலும் பிடுங்க முடியாது.

அந்தப் பேச்சு பட்டுத் தெரிந்தவர்களின் பேச்சு. ஆனால் அதைக் கேட்டு வளரும் மூன்றாம் தலைமுறைப் பிள்ளைக்கு வியாபாரம் என்றாலே ஆபத்து என்று பதிந்துவிடுகிறது. வகுப்பில் "தொழில் தொடங்க ஆசையா?" என்று கேட்டால் கை தூக்குவார்கள். "வீட்டில் என்ன சொல்வார்கள்?" என்று அடுத்ததாகக் கேட்டால் பாதிக் கை இறங்கிவிடும். உற்றார் பேச்சு ஆர்வத்தை நேரடியாகப் பாதிப்பது குறைவு என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. நான் பார்த்த வரை அது பின்வாசல் வழியாக வருகிறது. எது மரியாதையான பிழைப்பு, எது நமக்கு ஒத்து வரும் என்ற எண்ணத்தையே அது முதலில் மாற்றிவிடுகிறது.

மகனிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: மார்க் வந்திருந்தாலும் கடையை நினைத்திருப்பானா? இல்லை என்றால் அது ஆசை அல்ல, ஏமாற்றம். கொஞ்ச நாள் ஆறட்டும். ஆம் என்றால் ஆறு மாதம் வேறொருவர் கடையில் வேலை செய்யட்டும். கூடவே தொலைதூரக் கல்வியில் பட்டத்துக்கும் சேரட்டும். நம் நாட்டில் வேலை செய்துகொண்டே அப்படிப் படிப்பவர்கள் ஏராளம்.

யாங்கோன், பொருளியல் மாணவன்: ஆய்வேட்டுக்காக "எதிர்காலத்தில் தொழில் தொடங்க விருப்பமா?" என்று ஒரு கேள்வி வைத்திருக்கிறேன். போதுமா சார்?

போதாது தம்பி. 1991இல் ஐசக் அஜ்சன் எழுதிய திட்டமிட்ட நடத்தைக் கோட்பாட்டைத்தான் இந்தத் துறையில் அதிகம் எடுத்தாள்கிறார்கள். எண்ணத்துக்குப் பின்னால் மூன்று இருக்கின்றன என்கிறார்: அந்தச் செயல் நல்லது என்ற மனப்போக்கு, நமக்கு வேண்டியவர்கள் ஒப்புவார்களா என்பது, என்னால் முடியும் என்ற நம்பிக்கை. ஒவ்வொன்றுக்கும் நாலைந்து கேள்வி வையுங்கள். அப்புறம், "எப்போது?" என்றும் கேளுங்கள். பல நாட்டு மாணவர்களிடம் நடத்தும் கெஸ் என்ற கணக்கெடுப்பில், படிப்பு முடிந்த கையோடு தொழில் என்பவர்கள் கொஞ்சம். ஐந்து வருஷம் கழித்து என்று கேட்டால் ஏறத்தாழ இரண்டு மடங்காகிறார்கள். காலத்தைச் சொல்லாமல் கேட்டால் இந்த இரண்டு கூட்டமும் ஒன்றாகக் கலந்துவிடும்.

இன்செய்ன், மாணவன்: தொழில்முனைவுப் பாடம் எடுத்தால் ஆர்வம் வளருமா?

சில சமயம் குறையும். நெதர்லாந்தில் ஒரு கல்லூரியில் மாணவர்களே சிறு நிறுவனம் நடத்தும் பாடத்தை ஆராய்ந்து 2010இல் எழுதினார்கள். முடிவில் தொழில் தொடங்கும் எண்ணம் குறைந்திருந்தது. ஜெர்மனியின் மியூனிக்கில் ஒரு தொழில்முனைவுப் பாடத்துக்குப் பிறகும் அதே போலச் சற்றுக் குறைந்தது, ஆனால் "எனக்கு ஒத்து வரும்", "வராது" என்று மாணவர்கள் தெளிவாகச் சொல்லத் தொடங்கியிருந்தார்கள். இதைப் பாடத்தின் தோல்வி என்று நான் சொல்ல மாட்டேன். ஒத்து வராது என்று வகுப்பிலேயே தெரிந்துகொள்வது, அம்மாவின் வளையலை அடகு வைத்த பிறகு தெரிந்துகொள்வதைவிட எவ்வளவோ மேல்.

யாங்கோன், மாணவி: அக்காவும் நானும் கெட்டிக்காரிகள்தான். ஆனால் தொழில் என்றதும் "நம்மால் முடியாது" என்று தோன்றுகிறது. ஏன் சார்?

இது உங்கள் இருவரின் குறை அல்ல. பெண்களிடம் "என்னால் முடியும்" என்ற நம்பிக்கை குறைவாக இருப்பதையும், பயிற்சி கிடைத்தால் ஆண்களைவிடப் பெண்களுக்கு அதனால் பலன் கூடுவதையும் 2007இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. இந்த நம்பிக்கைக்கு ஊற்று நான்கு என்றார் உளவியலாளர் பண்டூரா. அதில் பிறர் ஊக்குவிக்கும் பேச்சும் உண்டு. ஆனால் எல்லாவற்றிலும் வலுவானது, தானே ஒன்றைச் செய்து முடித்த அனுபவம்.

என் மாணவி ஒருத்தி மாங்காய் ஊறுகாய் போட்டுத் தோழிகளுக்கு விற்றாள். "லாபம் வருகிறது சார்" என்றாள். நோட்டைக் கேட்டேன். மாங்காய் நாலு வீசை, எண்ணெய், மிளகாய்த்தூள் என்று எழுதியிருந்தாள். பாட்டில் விலை இல்லை. அடுப்புக் கரி இல்லை. மாங்காய் நறுக்கிய அம்மாவின் ஒரு நாள் உழைப்பும் இல்லை. மூன்றையும் சேர்த்துக் கூட்டியபோது ஒவ்வொரு பாட்டிலிலும் கைக்காசு போயிருந்தது. அவள் முகம் விழுந்துவிட்டது. அடுத்த வாரம் திரும்பி வந்தாள். பாட்டிலைச் சின்னதாக்கியிருந்தாள், காலிப் பாட்டிலைத் திருப்பித் தந்தால் விலை குறைவு என்று சொல்லியிருந்தாள். நோட்டில் "அம்மா கூலி" என்று தனி வரி. அன்றைக்கு அவள் பேசிய விதமே வேறு. நான் எத்தனை வகுப்பு எடுத்தாலும் அந்தக் குரலை வரவழைத்திருக்க முடியாது.

பெகு, மாணவன்: முதல் இல்லை. வட்டிக்கு வாங்கலாமா?

முதல் முயற்சிக்கு வேண்டாம். முன்பணம் வாங்கிக்கொண்டு செய்யக்கூடிய வேலையாகப் பாருங்கள்.

மோல்மெய்ன், இறுதியாண்டு மாணவன்: கூட்டாளிகள் எல்லோரும் தாய்லாந்து, மலேசியா என்று கிளம்புகிறார்கள். இந்த நிலைமையில் தொழில் ஆசை வைத்திருப்பது முட்டாள்தனமா?

இல்லை, தம்பி. நாட்டு நிலைமை ஆர்வத்தை எப்படி ஏற்றி இறக்கும் என்பதை என் வகுப்பிலேயே பார்த்தேன். 2014க்கு முன் ஒரு சிம் கார்டு லட்சக்கணக்கான சாட் விலைக்கு விற்றது. அந்த வருஷம் 1,500 சாட்டுக்கு வந்தது. அடுத்த சில வருஷம் பிள்ளைகள் பேச்சே மாறிப்போனது. போனிலேயே கடை, போனிலேயே பணம். 2021இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு வங்கியில் போட்ட பணத்தை எடுக்கவே வரிசை. 2024 பிப்ரவரியில் கட்டாய ராணுவச் சேவைச் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டு வந்தார்கள். ஐந்து வருஷம் கழித்து என்று கனவு காண யாருக்கு மனம் வரும்? ஆர்வம் குறைந்ததற்குப் பிள்ளைகளைக் குறை சொல்பவர்கள் மேல் எனக்குக் கோபம்தான் வருகிறது.

போக வேண்டியிருந்தால் போங்கள். வேலை இழப்பு, இடப்பெயர்ச்சி போன்ற உலுக்கல்கள் ஒருவரைத் தொழில் பக்கம் தள்ளுவதும் உண்டு என்று தொழில்முனைவு ஆய்வாளர் ஷாபிரோ 1982லேயே எழுதினார். ரங்கூனிலிருந்து வெறுங்கையோடு சென்னை போனவர்கள் அங்கே அத்தோ என்ற பர்மா நூடுல்ஸ் கடை போட்டார்கள். பர்மா பஜாரும் அவர்கள் உண்டாக்கியதுதான். போகிற இடத்தில் முதலாளி சரக்கை எங்கே வாங்குகிறார், எத்தனை நாள் தவணை என்று குறித்து வையுங்கள். நம் உளுந்தில் பெரும்பகுதி இந்தியாவுக்குத்தான் போகிறது. சென்னையில் ஊறவைக்கும் இட்லி உளுந்தில் இங்கே விளைந்ததும் இருக்கும். அந்த வியாபாரத்துக்கு இரண்டு கரையின் மொழியும் தெரிந்த ஆள் தேவை. உங்களுக்குத் தமிழும் பர்மியும் தெரியும். மழை விட்டதும் ஒரு நாள் காலை ஏழு மணிக்குக் கடைக்கு வாருங்கள், உளுந்தில் தரம் பிரிப்பதைக் காட்டுகிறேன்.