மார்பக அறுவைக்குப் பின் மரத்த கை, மெலிந்த மார்பு: எந்த நரம்பு காரணம்?

கேள்வி: இடது மார்பகத்தை அகற்றி, அக்குள் நெறிக்கட்டிகளையும் எடுத்து நான்கு மாதம் ஆகிறது. மேல்கையின் உட்புறம் மரத்திருக்கிறது. மார்பின் கீழ்ப்பகுதி சூம்பியதுபோல் தெரிகிறது. நரம்பை வெட்டிவிட்டார்களா? கை பலமிழக்குமா?

பதில்: இந்த இரண்டு தொல்லைகளையும் தனித்தனியாகப் பாருங்கள். இரண்டுக்கும் நரம்பு வேறு.

முதலில் மரப்பு. மேல்கையின் உட்புறத் தோலுக்கு உணர்ச்சி தரும் இன்டர்காஸ்டோபிராக்கியல் நரம்பு, அக்குளில் நெறிக்கட்டிகளுக்கு நடுவே ஓடுகிறது. அதனால் அவற்றை எடுக்கும்போது பலருக்கு இது இழுபடும், சில சமயம் வெட்டவும் நேரும். இது எந்தத் தசையையும் இயக்குவதில்லை. கையின் பலம் இதனால் குறையாது. மரத்த பரப்பு மாதக்கணக்கில் மெல்லச் சுருங்கலாம், கொஞ்சம் நிரந்தரமாக நிற்கவும் செய்யலாம். அதுவரை அந்த இடத்தில் வெந்நீர் ஒத்தடம் வேண்டாம். சூடு தெரியாமல் தோல் பொத்துப்போகும்.

மார்பு மெலிவுதான் கவனமாகப் பார்க்க வேண்டியது. பெரிய மார்புத் தசைக்கு இரண்டு நரம்புகள். லேட்டரல் பெக்டோரல் நரம்பு காரை எலும்பை ஒட்டிய மேல்பகுதியை இயக்குகிறது. மீடியல் பெக்டோரல் நரம்பு சிறிய மார்புத் தசையைத் துளைத்தோ, அதன் வெளி ஓரத்தைச் சுற்றியோ வந்து பெரிய தசையின் கீழ்ப்பகுதிக்குப் போகிறது. மீடியல் என்று பெயர் இருந்தாலும் மார்பில் இதுதான் அக்குள் பக்கம் இருக்கிறது. கழுத்திலிருந்து கைக்கு வரும் நரம்புப் பின்னலில் கிளம்பும் இடத்தை வைத்து வந்த பெயர் அது. சிறிய தசைக்குப் பின்னாலும், இரண்டு மார்புத் தசைகளுக்கு இடையிலும் இருக்கும் நெறிக்கட்டிகளை எடுக்கும்போது இதற்குத்தான் ஆபத்து அதிகம். ஓரத்தைப் பிடித்து இழுக்கும் அழுத்தமே இதைப் பாதிக்கப் போதும். சிறிய தசையையே அகற்றினால் நரம்பைக் காப்பது இன்னும் கடினம்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். இடது உள்ளங்கையை இடுப்பில் வைத்து உள்நோக்கி அழுத்துங்கள். வலது கை விரல்களால் இடது அக்குளின் முன்மடிப்பைப் பிடித்துப் பாருங்கள். தசை கெட்டியாகத் திரண்டால் அதற்கு நரம்புத் தொடர்பு இருக்கிறது. மார்பகமும் கொழுப்பும் போனதால்தான் பள்ளமாகத் தெரிகிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். மேலே மட்டும் திரண்டு கீழே தொளதொளவென்று இருந்தால் மீடியல் நரம்பைச் சந்தேகிக்க வேண்டும். அப்போதும் பயப்பட வேண்டாம். கையை உடலோடு சேர்க்க முதுகின் அகன்ற தசையும் உதவுவதால் அன்றாட வேலைகள் பெரிதாகக் கெடாது.

அப்புறம் இன்னொன்று. சுவரைப் பார்த்து நின்று, இரண்டு கைகளையும் நீட்டித் தள்ளுங்கள். வீட்டில் யாரையாவது முதுகைப் பார்க்கச் சொல்லுங்கள். இடது தோள்பட்டை எலும்பு இறக்கைபோல் பிதுங்கினால் பாதிப்பு லாங் தொராசிக் நரம்பில்; அந்த எலும்பை விலாவோடு ஒட்டிப் பிடிக்கும் தசையை இயக்குவது அதுதான். கையைத் தலைக்கு மேல் தூக்குவதே கஷ்டமாகும் என்பதால் இதை நான் மார்பு மெலிவைவிடப் பெரிதாக எடுத்துக்கொள்வேன். தாமதிக்காமல் பிசியோதெரபி தொடங்க வேண்டும்.

கீழ்மார்புத் தொளதொளப்பு, தோள்பட்டை எலும்புப் பிதுக்கம் இரண்டில் எது தெரிந்தாலும் அறுவை மருத்துவரிடம் சிறிய தசையை எடுத்தார்களா, எந்த நரம்புகளைக் காத்தார்கள் என்று கேளுங்கள்; அறுவைக் குறிப்பில் எழுதியிருப்பார்கள். நரம்பு அறுந்ததா, வெறுமனே நசுங்கியதா என்று கணிக்க, தசையின் மின் செயல்பாட்டை அளக்கும் ஈஎம்ஜி பரிசோதனை உதவும். நரம்பு நாளொன்றுக்கு சுமார் 1 மில்லிமீட்டர்தான் வளரும் என்பதால், நசுங்கியது தேற மாதங்கள் ஆகும். கை வீக்கம், சிவப்பு, காய்ச்சல், விரல்களில் புதிதாக பலவீனம், இவற்றில் எது வந்தாலும் உடனே மருத்துவரைப் பாருங்கள்.