பிளான் வாங்குமுன்: வாசகர் கேள்வி – பதில்

புது வீட்டுக்கான பிளானைத் தேர்ந்தெடுப்பது, வரையச் சொல்வது, விலைக்கு வாங்குவது ஆகியவற்றைப் பற்றியே இம்முறை மிகுதியான கடிதங்கள் வந்திருக்கின்றன. பலருக்கும் பயன்படக்கூடிய ஐந்து கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் மனை தெற்குப் பார்த்தது, அகலம் 30 அடி, நீளம் 40 அடி, கரிசல் மண். இணையத்தில் ‘30க்கு 40’ என்ற தலைப்பில் வடக்கு வாசல் வைத்த ஒரு பிளானைப் பார்த்தோம். வீட்டில் எல்லோருக்கும் பிடித்துவிட்டது, விலையும் சில ஆயிரம் ரூபாய்தான். அதை வாங்கி, வாசலைத் தெற்கே திருப்பிக் கட்டிக்கொள்ளலாமா?
– ஒரு வாசகர், விருதுநகர்

வாங்குவதில் தவறில்லை, ஆனால் அந்தத் தாளை மட்டும் கையில் வைத்துக்கொண்டு வானம் தோண்ட ஆள் விடாதீர்கள்.

முதலில், ‘30க்கு 40’ என்பது மனையின் அளவா, கட்டடத்தின் அளவா என்று பாருங்கள். இணையத்தில் விற்கும் பிளான்களில் பல, நான்கு பக்கமும் எல்லைச் சுவர்வரை கட்டடத்தை நிறைத்து வரையப்பட்டவை. நம் ஊரில் அப்படிக் கட்ட முடியாது. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019இன்படி, சாலையின் அகலத்தையும் கட்டடத்தின் உயரத்தையும் பொறுத்து மனையின் ஓரங்களில் இடம் விட வேண்டும். உங்கள் மனைக்கு முன்புறம் 5 அடியும் மற்ற மூன்று பக்கங்களிலும் 3 அடியும் விட வேண்டியிருப்பதாக ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். அகலத்தில் 24 அடியும் நீளத்தில் 32 அடியும்தான் மிஞ்சும். 1,200 சதுர அடி மனையில் தரைத்தளம் 768 சதுர அடியாகிவிடும். அதற்குள்ளும் ஒன்பது அங்குல வெளிச்சுவர்கள் தம் பங்கை எடுத்துக்கொள்ளும். உங்களுக்குப் பிடித்த பிளானில் மூன்று படுக்கையறைகள் இருந்தால், அவற்றில் ஒன்று இந்தக் கணக்கிலேயே காணாமல் போய்விடும்.

அடுத்து, மனை உண்மையிலேயே 30க்கு 40தானா என்று அளந்து பார்த்தீர்களா? பத்திரத்தில் உள்ள அளவும், பட்டாவில் உள்ள பரப்பும், புல வரைபடத்தில் மீட்டரில் குறித்துள்ள அளவும், தரையில் கல் நட்டிருக்கும் இடமும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாத மனைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். நான்கு பக்கங்களை அளந்தால் மட்டும் போதாது. மூலைக்கு மூலை குறுக்கேயும் நாடா பிடியுங்கள். 30க்கு 40 மனை சரியான செவ்வகமாக இருந்தால் இரண்டு குறுக்களவுகளும் 50 அடி வரும். ஒன்று 51ஐ நெருங்கி மற்றது 49ஐ நெருங்கினால் மனை சாய்ந்திருக்கிறது என்று பொருள். செவ்வகமாக வரைந்த பிளான் அதில் நேராக உட்காராது.

இனி, திருப்புவது. வடக்கு வாசல் பிளானில் சமையலறை தென்கிழக்கிலும் பெரிய படுக்கையறை தென்மேற்கிலும் இருந்திருக்கும். தாளை அப்படியே அரைச் சுற்றுச் சுற்றினால் வாசல் தெற்கே வந்துவிடும். ஆனால் சமையலறை வடமேற்குக்கும் படுக்கையறை வடகிழக்குக்கும் போய்விடும். சுற்றாமல் முன்பின்னாக மடித்துப் போட்டாலோ சமையலறை வடகிழக்கிலும் படுக்கையறை வடமேற்கிலும் அமையும். வாஸ்து பார்ப்பவர்கள் வடமேற்குச் சமையலறையை இரண்டாம் பட்சமாக ஏற்றுக்கொள்வார்கள். ஈசானிய மூலையில் அடுப்பு என்றால் ஒப்பமாட்டார்கள். வாஸ்துவில் நம்பிக்கை இல்லாதவர்களுக்கும் இதில் பொருள் உண்டு, ஏனென்றால் தென்காற்றுக்கென வைத்த ஜன்னல்கள் இரண்டு முறையிலும் வடக்கே போய்விடும். அதனால் திருப்புவது என்பது பாதிப் பிளானைப் புதிதாக வரைவதற்குச் சமம்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது உங்கள் மண். கரிசல் மழையில் உப்பும். கோடையில் சுருங்கிக் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். ஆழமில்லாத கடைக்காலை அது ஆண்டுதோறும் தூக்கி இறக்கும். சுவரில் சாய்வாக ஓடும் விரிசல்கள் அப்படித்தான் வருகின்றன. எனவே மண்ணைப் பரிசோதித்துத் தாங்குதிறனைத் தெரிந்துகொண்டு, உப்புதல் எட்டாத ஆழத்துக்குக் கடைக்காலை இறக்க வேண்டும். அல்லது அடியில் குமிழ்போல அகன்ற ‘அண்டர் ரீம்டு பைல்’ என்னும் கான்கிரீட் தூண்களை மண்ணுக்குள் இட்டு, அவற்றின்மேல் பீம் ஓட்டிச் சுவர் எழுப்ப வேண்டும். உங்கள் மண்ணைக் காணாத ஒருவர் இதில் எதையும் முடிவு செய்ய முடியாது. அமெரிக்காவில் சியர்ஸ் நிறுவனம் 1908 முதல் 1940 வரை விலைப்பட்டியல் வழியாகவே வீடுகளை விற்றது. பிளானும் அறுத்த மரமும் ஆணியும் ரயிலில் வந்து இறங்கும். அங்கேகூடக் கடைக்காலுக்கான செங்கல்லும் சிமெண்டும் அந்தச் சரக்கில் சேராது. வாங்கியவர்தான் தம் ஊரில் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

அந்த இணையப் பிளானை வாங்கினால், அதில் உங்கள் குடும்பத்துக்கு எது பிடித்தது என்பதைப் பொறியாளருக்கு எடுத்துக்காட்ட மட்டும் பயன்படுத்துங்கள். கூடத்திலிருந்து சமையலறை தெரிவதா, பின்கட்டில் துணி துவைக்க இடம் இருப்பதா என்று அதைக் குறிப்பாகச் சொல்லிவிட்டால், அவர் உங்கள் 24க்கு 32க்குள் அதைக் கொண்டுவர முயல்வார்.

கேள்வி: எங்கள் பொறியாளர் தரைத்தளப் பிளான் ஒன்றும், வீட்டின் முகப்பைக் காட்டும் வண்ணப் படம் ஒன்றும் கொடுத்தார். ‘அனுமதிக்கு இது போதும், மற்றதை மேஸ்திரி பார்த்துக்கொள்வார்’ என்கிறார். உண்மையில் எத்தனை வரைபடங்கள் கேட்க வேண்டும்?
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

அனுமதிக்குப் போதும் என்று அவர் சொல்வது ஓரளவு சரி. ஆனால் அனுமதி வரைபடம் வேறு, வேலை வரைபடம் வேறு. முன்னது, எங்கே எவ்வளவு இடம் விட்டிருக்கிறீர்கள், எத்தனை சதுர அடி, எவ்வளவு உயரம், மழைநீர் சேகரிப்புத் தொட்டி எங்கே என்று அலுவலகத்துக்குச் சொல்வது. கம்பி கட்டுபவருக்கும் மின்பணியாளருக்கும் அதில் ஒன்றும் கிடைக்காது.

தமிழக அரசு 2024 ஜூலையில் தொடங்கிய சுயசான்றுத் திட்டத்தில், 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடிக்குள் தரைத்தளமோ, அதன்மேல் ஒரு தளமோ கட்டுவோர் இணையம் வழியாகவே உடனடியாக அனுமதி பெறலாம். மனையை யாரும் முன்கூட்டி வந்து பார்ப்பதில்லை என்பது வசதிதான். ஆனால் வரைபடத்தில் பிழை இருந்தால் சுட்டிக்காட்டவும் ஆள் இல்லை. ‘எல்லாம் விதிப்படி’ என்று கையெழுத்திடுபவர் நீங்கள்.

நூல் பிடித்துத் தூண்களின் இடத்தைக் குறிக்க சென்டர் லைன் வரைபடம் வேண்டும். கடைக்காலின் நீள அகல ஆழமும், தூண், பீம், தளம் ஆகியவற்றில் எந்தத் தடிமனில் எத்தனை கம்பிகள், எவ்வளவு இடைவெளியில் என்பதும் தனித் தாள்களில் இருக்க வேண்டும். அவற்றில் கட்டமைப்புப் பொறியாளரின் கையெழுத்து வேண்டும். வீட்டைக் குறுக்கே வெட்டிக் காட்டும் வரைபடம், மாடிப்படி விவரம், ஒவ்வொரு கதவு ஜன்னலின் அளவையும் தரையிலிருந்து அதன் உயரத்தையும் தரும் பட்டியல், தண்ணீர்த் தொட்டியும் கழிவுத் தொட்டியும் குழாய்களும் போகும் வழி ஆகியவையும் தேவை.

மின்சாரத்தைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். மின்விசிறிக்கான பெட்டியும் வயர் செல்லும் குழாயும் தளம் வார்ப்பதற்கு முன்பே கம்பிகளுக்கிடையே வைக்கப்பட வேண்டியவை. அதுபோலவே, மாடிக் குளியலறைக்குக் குழாய் போக, அந்த இடத்தில் தளத்தைப் பள்ளமாக இறக்கி வார்ப்பதா இல்லையா என்பதும் சென்ட்ரிங், அதாவது தளம் வார்ப்பதற்கான பலகை, அடிக்கும் நாளிலேயே முடிவாகிவிடும். அன்றைக்குக் கையில் தாள் இல்லையென்றால், பின்னாளில் உளியும் சுத்தியலும்தான்.

பணம் பேசும்போது சிலவற்றை எழுத்தில் வாங்குங்கள்: பிளானை எத்தனை முறை மாற்றித் தருவார், அச்சிட்ட தாளோடு, கணினியில் திருத்தக்கூடிய ஆட்டோகேட் கோப்பையும் தருவாரா, கடைக்கால் கம்பியையும் தளக் கம்பியையும் நேரில் வந்து பார்ப்பாரா. கட்டணத்தில் ஒரு பகுதியைத் தளக் கம்பியைச் சரிபார்க்கும் நாள்வரை நிறுத்தி வைப்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. தம்மை ஆர்க்கிடெக்ட் என்று சொல்லிக்கொள்பவரிடம் பதிவு எண்ணைக் கேளுங்கள். 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி, கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரில் பதிவு செய்தவர்தாம் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளலாம்.

கேள்வி: மாமியாருக்கு 74 வயது. கீழ்த்தளத்தில் அவருக்கு ஓர் அறை, குளியலறையோடு வைத்திருக்கிறோம். பிளானைத் தாளில் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் தெரிகிறது. முடிவு செய்வதற்கு முன் எதையெல்லாம் சரிபார்க்க வேண்டும்?
– ஒரு வாசகி, பொள்ளாச்சி

தாளில் எல்லாம் சரியாகத்தான் தெரியும், அம்மா. ஒரு நாடாவை எடுத்துக்கொண்டு இப்போது குடியிருக்கும் வீட்டையே அளந்து பாருங்கள். எந்த அறை இடிபடுகிறது, எது தாராளமாக இருக்கிறது என்பது உங்களுக்குப் பழகியிருக்கும். அந்த அளவுகளோடு புதிய பிளானை ஒப்பிடுவதைப்போல் வேறெதுவும் உதவாது. வெற்று மனையில் சுண்ணாம்புக் கோடு போட்டு அறைகளைப் பார்ப்பவர்களும் உண்டு. ஆனால் திறந்தவெளியில் எந்த அறையும் சிறியதாகவே தெரியும்; அதைக் கண்டு மிரண்டு, கடைசி நேரத்தில் அகலப்படுத்தச் சொல்லிவிடாதீர்கள்.

கதவுகளில்தான் ஏமாற்றம் அதிகம். மூன்றடி நிலை என்றால் நிலைச்சட்டத்தின் தடிமன் போக நடக்கும் வழி ஏறக்குறைய இரண்டரை அடிதான். குளியலறைக்கு வழக்கமாக வைக்கும் இரண்டரை அடி நிலையில் இரண்டடியே மிஞ்சும். சக்கர நாற்காலி அதில் நுழையாது. இன்று அவர் நன்றாக நடக்கலாம். என்றாலும் அந்தக் குளியலறைக்கு மூன்றடிக்கும் சற்றுக் கூடுதலான நிலையையே கேளுங்கள்; கதவு வெளிப்புறமாகத் திறக்கட்டும். உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால், உட்புறம் திறக்கும் கதவை அவருடைய உடலே அடைத்துக்கொள்ளும்.

மாடிப்படியையும் ஒரு முறை கணக்குப் போட்டுப் பாருங்கள். தளத்துக்குத் தளம் 10 அடி உயரம், படி ஒவ்வொன்றும் ஆறு அங்குலம் என்றால் 20 ஏற்றங்கள் வேண்டும். இரண்டு பகுதியாக மடித்தால், பத்து அங்குல மிதிப்பலகை ஒன்பது சேர்ந்து ஏழரை அடியும், நடுவே திரும்பும் மேடைக்கு மூன்றடியும் ஆகப் பத்தரை அடி நீளம் தேவை. இடத்தை மிச்சம் பிடிக்க அதை எட்டடிக்குள் அடைத்தால், ஏறும் உயரம் எட்டரை அங்குலத்தைத் தாண்டிவிடும். தேசியக் கட்டட விதித்தொகுப்பு வீடுகளுக்கு அனுமதிக்கும் உச்சமே 190 மில்லிமீட்டர், அதாவது ஏழரை அங்குலம். தொழிலுக்கு வந்த புதிதில் நானே இப்படி ஒரு படிக்கட்டை வரைந்தேன். அந்த வீட்டுப் பெரியவர் கடைசிவரை மொட்டைமாடிக்குப் போகவே இல்லை.

சமையலறையில் குளிர்சாதனப் பெட்டி, கிரைண்டர், எரிவாயு உருளை ஆகிய மூன்றையும் அளவுக்கு வெட்டிய காகிதத் துண்டுகளாகப் பிளான்மேல் வைத்துப் பாருங்கள். உங்கள் ஊரில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மேற்கிலிருந்து அடிப்பதால், அந்தப் பக்க ஜன்னலுக்கு நேரே அடுப்பு வேண்டாம்.

கேள்வி: மனையடி சாஸ்திரப்படி அறைகள் 10 அடி, 11 அடி, 16 அடி என்று அமைய வேண்டும் என்கிறார் பெரியப்பா. பொறியாளர் அந்த அளவுகளைத்தான் போட்டிருக்கிறார். ஆனால் கட்டி முடித்தபின் அளவு குறையும் என்று கொத்தனார் பயமுறுத்துகிறார். யார் சொல்வது சரி?
– ஒரு வாசகர், கும்பகோணம்

கொத்தனார் சொல்வதுதான். மனையடியில் பார்ப்பது உள்ளளவு, அதாவது சுவருக்குச் சுவர். செங்கல்லுக்குச் செங்கல் 10 அடி என்று கட்டினால், இரு பக்கமும் அரை அங்குலத்துக்குமேல் பூச்சு ஏறிய பிறகு அது பத்தடிக்கு ஓர் அங்குலத்துக்குமேல் குறைந்திருக்கும். எனவே பிளானிலேயே ‘பூச்சுக்குப் பின் 10 அடி’ என்று எழுதச் சொல்லிவிட்டு, கட்டும் அளவை ஒன்றரை அங்குலம் கூட்டி வைக்கலாம். பெரியப்பாவின் மனமும் குளிரும், கூடுதல் செலவும் இல்லை. 16 அடிக் கூடத்துக்காகக் குளியலறையை மூன்றடியாக நெருக்கச் சொன்னால் மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: அண்ணன் வீட்டுக்கு வரைந்து கொடுத்த பிளான் அருமையாக இருக்கிறது. என் மனையும் அதே அளவு. அதையே வைத்து நானும் கட்டினால் வரைந்தவர் ஆட்சேபிக்க முடியுமா?
– ஒரு வாசகர், திருச்சி

முடியும். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் கட்டட வரைபடமும் கலைப்படைப்புகளின் வரிசையில் வருகிறது. ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதியிருந்தால் ஒழிய, அண்ணன் கொடுத்த கட்டணம் அந்த ஒரு வீட்டுக்கானது என்றே கொள்ள வேண்டும். ஆனால் சண்டைக்கு அவசியமே இல்லை. அவரிடமே போய்க் கேளுங்கள். அறை அமைப்பு தயாராக இருப்பதால், புதிதாக வரைவதைவிடக் குறைந்த கட்டணத்துக்கு அவர் இசையக்கூடும். உங்கள் மனையின் மண்ணைப் பரிசோதித்து, கடைக்கால், தூண் தாள்களை மட்டும் புதிதாகக் கணக்கிட்டு, உங்கள் பெயருக்கே தாள் போட்டு, அவர் கையெழுத்தோடு தரச் சொல்லுங்கள். அண்ணன் வீட்டில் குடியேறிய பிறகு எது இடைஞ்சலாக இருக்கிறது என்று அண்ணியிடம் விசாரித்து, அந்தத் திருத்தங்களையும் அதே கையோடு சேர்த்துக்கொள்ளலாம்.