ஆழியர்கள் எத்தனை பேர்? அடுப்பிலிருந்து எண்ணுங்கள்

கேள்வி: காசிமேட்டில் ஒரு ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன் சார். மூன்று வருஷமாக ஒரு மாயப் புனைவு நாவல் எழுதி வருகிறேன். எண்ணூர் முகத்துவாரத்தில், தண்ணீருக்குள் பாதி, வெளியே பாதியாக வாழும் 'ஆழியர்' என்ற இனத்தின் கதை. ஏழு தம்பதிகளில் தொடங்கி 2,000 வருஷத்தில் 12 லட்சம் பேராகிறார்கள். ஆயுள் 300 வருஷம். டோல்கீனின் குள்ளர்களைப் போலப் பெண்கள் குறைவு, நாலு பிறப்பில் ஒன்றுதான் பெண். ஒருத்திக்கு 80 வயதை ஒட்டி இரண்டே பிள்ளைகள். படை 4 லட்சம். அரசர், பூசாரி, வீரர், வலைஞர் என நாலு அடுக்கு. படித்துப் பார்த்த என் அக்கா, "இத்தினி பேரும் இன்னாடா துன்றாங்க?" என்று கேட்டுத் தாளைத் திருப்பித் தந்துவிட்டார். மக்கள்தொகையை எப்படி முடிவு செய்வது? அடுக்குகளை மாற்ற வேண்டுமா? இந்த எண்களைக் கதைக்குள் எப்படிச் சொல்வது? எழுதிய அத்தியாயங்களையும் ஊர் வரைபடத்தையும் இணைத்திருக்கிறேன்.

பதில்: தம்பி, உங்கள் அக்கா கேட்டதுதான் சரியான கேள்வி. அதற்கு வருவதற்கு முன்னால், நீங்கள் கொடுத்த விதிகளை அப்படியே வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆழியர் இனம் நாவல் தொடங்குவதற்கு வெகு காலம் முன்பே அழிந்துவிட்டது.

எப்படி என்று சொல்கிறேன். ஒரு இனம் பெருகுமா தேயுமா என்பதற்கு ஆண்களை எண்ணிப் பயனில்லை. ஒரு தாய்க்குப் பிறகு எத்தனை மகள்கள் தாயாகிறார்கள் என்பதுதான் கணக்கு. நாலு பிறப்பில் ஒன்று பெண் என்றால், ஒரு தாய் தன் இடத்தில் ஒரு மகளை விட்டுப் போகவே நாலு பிள்ளை பெறவேண்டும். இரண்டு பிள்ளை பெற்றால் அரை மகள். ஆதித் தாய்கள் ஏழு பேர். அடுத்த தலைமுறையில் மூன்றரை. அதற்கடுத்து ஒன்றே முக்கால். மூன்றாவது தலைமுறையில், அதாவது 240 வருஷத்தில், ஒருத்தி இருந்தாலே அதிசயம். நீங்கள் கேட்பதோ 2,000 வருஷம்.

டோல்கீனை உதாரணம் காட்டினீர்கள். அவர் இந்த இடத்தில் உஷாரானவர். குள்ளர்களில் பெண்கள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருக்கமாட்டார்கள் என்று 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நாவலின் பின்னிணைப்பில் எழுதிய கையோடு, அதனால்தான் அந்த இனம் மெல்லப் பெருகுகிறது, பத்திரமான இருப்பிடம் இல்லாதபோது ஆபத்தில் விழுகிறது என்றும் எழுதி வைத்தார். நீங்கள் விகிதத்தை எடுத்துக்கொண்டீர்கள், அதற்கான விலையை விட்டுவிட்டீர்கள்.

சரி, பிள்ளைகளை ஏற்றிப் பார்ப்போம். 80 வருஷத்துக்கு ஒரு தலைமுறை என்றால் 2,000 வருஷத்துக்கு 25 தலைமுறை. ஒவ்வொரு தாய்க்கும் ஆளாகி நிற்கிற பிள்ளைகள் ஐந்து என்று வையுங்கள், மகள் கணக்கு ஒன்றேகால். ஒன்றேகாலை 25 முறை பெருக்கி ஏழால் பெருக்கினால் 1,853 பெண்கள். ஆண்களையும் சேர்த்தால் அந்தத் தலைமுறை ஏறக்குறைய 7,400 பேர். இப்போது ஐந்தை ஆறாக்குங்கள். அதே 25 தலைமுறை, அதே ஏழு தாய்கள். ஆண்களும் பெண்களுமாக வருவது 7 லட்சம்!

ஒரே ஒரு பிள்ளை வித்தியாசம். ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிற உங்களுக்கு வட்டி குட்டி போடுவதைப் பற்றி நான் சொல்லித் தரவேண்டியதில்லை. ஆனால் புனைவு எழுதுகிறவர்கள் எப்போதும் கடைசி எண்ணை முதலில் எழுதிவிட்டு, பிறகு அதற்குத் தோதாக வரலாறு தேடுகிறார்கள். பிள்ளை எத்தனை, அதில் தங்குவது எத்தனை என்று முடிவு செய்யுங்கள், கடைசி எண் தானே வரும். தங்குவது என்றது முக்கியம். தடுப்பூசியும் மருந்தும் வருவதற்கு முந்தைய சமூகங்களில் பிறந்ததில் கிட்டத்தட்டப் பாதி, ஆளாகும் முன்பே போய்ச் சேர்ந்தது. ஆழியரிடம் அந்தச் சாவு உண்டா இல்லையா என்று நீங்கள்தான் சொல்லவேண்டும். உண்டென்றால், ஐந்து தங்கப் பத்து பிறக்கவேண்டும்.

ஏழு தம்பதிகள் என்பது மட்டும் குறையில்லை. பசிபிக்கில் பிட்கெய்ர்ன் என்று ஒரு குட்டித் தீவு. 1790-இல் ஒரு கப்பல் கலகக்காரர்களும் அவர்களோடு வந்த டஹீட்டியர்களுமாக 30 பேருக்கும் குறைவானவர்கள் அங்கே குடியேறினார்கள். முதல் சில வருஷங்களில் ஆண்களில் பெரும்பாலோர் ஒருவரை ஒருவர் வெட்டிக்கொண்டே செத்தார்கள். அப்படியும் 1856-இல் அந்தத் தீவைக் காலி செய்து நார்ஃபோக் தீவுக்குக் கிளம்பியபோது 193 பேர் இருந்தார்கள். ஆண்கள் செத்தும் ஊர் வளர்ந்தது, பெண்கள் பிழைத்திருந்ததால்.

இனி உங்கள் அக்காவின் கேள்வி. ஆளுக்கு ஒரு நாளைக்கு அரைக் கிலோ மீன் என்று வைத்தால் 12 லட்சம் பேருக்குத் தினம் 600 டன். வருஷத்துக்கு 2 லட்சம் டன்னுக்கு மேல். தமிழ்நாட்டின் 1,076 கிலோமீட்டர் கரை முழுக்க விசைப்படகு, ஃபைபர் போட்டெல்லாம் போய் ஒரு வருஷத்தில் அள்ளிவருவதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அது. இதை ஒரு முகத்துவாரத்தில் கையால் பிடிக்கிறார்கள் என்கிறீர்கள். அதுவும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் காசிமேடு எப்படிக் கிடக்கும் என்று தினம் பார்க்கிற நீங்கள்! மீன் இனப்பெருக்கம் செய்யும் பருவத்தில் ஆழியர் என்ன சாப்பிடுகிறார்கள்? கருவாடு போட வெயில் வேண்டும். தண்ணீருக்குள் பாதி வாழ்கிறவர்கள் எங்கே காயவைக்கிறார்கள்? காயவைக்கும் மணல்திட்டு யாருடையது? இந்த மூன்றாவது கேள்வியில் உங்களுக்கு ஒரு போரே கிடைக்கும்.

என் யோசனை: ஐந்து பிள்ளைக் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். இளைய தலைமுறை 7,400, அதற்கு மேல் உயிரோடிருக்கும் அப்பன், பாட்டன், பூட்டன் தலைமுறைகளையும் கூட்டினால் 20,000-ஐ ஒட்டி வரும். தினம் 10 டன் மீன். இது நம்பக்கூடியது. 12 லட்சம் எங்கே, 20,000 எங்கே என்று முகம் சுளிக்காதீர்கள். 2011 கணக்கெடுப்பில் அந்தமானின் ஜாரவாக்கள் 380 பேர். மொழி, வேட்டை, காடு பற்றிய அறிவு எல்லாம் அந்த 380 பேருக்குள் இருக்கிறது. படையை மட்டும் இறக்கியே ஆகவேண்டும். வயலையும் வலையையும் நம்பிய பழைய சமூகங்களுக்கு நூற்றுக்கு ஒன்றிரண்டு பேரை வேலைவெட்டி இல்லாமல் ஆயுதத்தோடு உட்காரவைத்துச் சோறு போடுவதே பெரும்பாடு. 20,000 பேருக்கு 300 வீரர்கள் தாராளம்.

300 வருஷ ஆயுளைப் பற்றி ஒரு வார்த்தை. 80 வயதில் பிள்ளை, 300 வயதில் சாவு என்றால் நம் ஊரில் 25 வயதில் பிள்ளை பெற்று 94 வயதில் சாகும் கிழவிக்கும் அதற்கும் வித்தியாசமே இல்லை, விகிதம் ஒன்றுதான். அதிசயம் வேண்டுமென்றால் தாயாகும் வயதை 25-க்கு இறக்குங்கள். ஒரே கூரையில் 12 தலைமுறை. பூட்டன், ஓட்டனுக்கு அப்பால் உறவுமுறைச் சொல்லே போதாமல் போகும். ஆனால் மேலே போட்ட கணக்கையெல்லாம் மறுபடி போடவேண்டும்.

அடுக்குகளுக்கு வருவோம். அரசர், பூசாரி, வீரர், வலைஞர் என்பது ஏற்கெனவே யாரோ தைத்த சட்டை. உங்கள் ஆழியருக்கு அது பொருந்தாது. ஏனென்றால் உங்கள் இனத்தின் சமூக அமைப்பு அந்த நாலுக்கு ஒன்று விகிதத்துக்குள்ளேயே இருக்கிறது. ஒரு பெண்ணுக்கு மூன்று ஆண்கள். ஒருவனுக்கு ஒருத்தி என்றால் மூன்றில் இரண்டு ஆண்களுக்குக் கல்யாணம் கிடையாது. ஊரில் பாதிப் பேர் குடும்பமில்லாத ஆண்கள்.

இப்போது நம் குப்பங்களை நினைத்துப் பாருங்கள். திருவிழாவுக்கு வரி போடும்போது தலைக்கட்டுக்கு இவ்வளவு என்றுதானே போடுகிறோம்? கல்யாணமாகித் தனி அடுப்பு வைத்தவன்தான் தலைக்கட்டு. வரி கொடுக்கிறவனுக்குத்தான் பஞ்சாயத்தில் பேச்சு. பழவேற்காட்டு ஏரியில் பாடு முறை என்று ஒன்று உண்டு. இறால் பிடிக்கிற நல்ல இடங்களில் இன்றைக்கு யார் வலை கட்டுவது என்று சீட்டுப் போட்டு முறைவைத்துக் கொடுப்பார்கள். அந்தச் சீட்டில் பேர் இருக்கிறவன் ஒரு ரகம், இல்லாதவன் வேறு ரகம். ஆழியரிடமும் இப்படி ஒரு சீட்டு இருந்து, கல்யாணமானவனுக்குத்தான் பேர் உண்டு என்றால்? பாதி ஊருக்கு வலை போட இடமில்லை. உங்கள் வீரர்கள் எங்கிருந்து வருகிறார்கள் என்று இப்போது தெரிகிறதா? அரசர் யாரையும் படைக்குச் சேர்க்கவேண்டியதில்லை. வேறு வழியில்லாதவர்கள் தாங்களே வந்து நிற்பார்கள்.

அவர்களுக்கு ஒரு குடும்பம் வேண்டுமே? அதற்கும் வடசென்னையில் மாதிரி இருக்கிறது. சார்பட்டா, இடியப்ப நாயக்கர், எல்லப்ப செட்டியார் என்று குத்துச்சண்டைப் பரம்பரைகள். பேர்தான் பரம்பரை, ரத்த உறவு கட்டாயமில்லை. எந்த வாத்தியாரிடம் கையில் துணி சுற்றினாயோ அது உன் பரம்பரை. வாத்தியார்தான் அப்பன், கூடப் பழகினவன் பங்காளி. கல்யாணமாகாத ஆழியர்களை இப்படிப் பரம்பரைகளாகப் பிரித்துவிடுங்கள். பிறப்பால் வரும் ஏழு குலங்கள் ஒரு பக்கம், பழக்கத்தால் வரும் பரம்பரைகள் இன்னொரு பக்கம். இரண்டும் ஒருவனை இரண்டு பக்கம் இழுக்கும் இடத்தில்தான் கதை நடக்கும்.

ஒருவனுக்கு ஒருத்தி வேண்டாம் என்றால் நீலகிரித் தோடர்களைப் படியுங்கள். முன்னாளில் அங்கே அண்ணன் தம்பிகள் ஒரே பெண்ணை மணந்தார்கள். அப்பா யார் என்று எப்படி முடிவாகும்? கர்ப்பமாயிருக்கும்போது ஒருவன் அவளுக்கு வில்லும் அம்பும் கொடுப்பான். பெற்றவன் யாராயிருந்தாலும் கொடுத்தவன்தான் தகப்பன். வேறொருவன் வில் கொடுக்கும்வரை அடுத்தடுத்த பிள்ளைகளுக்கும் அவனே. ரிவர்ஸ் என்ற மானிடவியலாளர் 1906-இல் இதை விரிவாக எழுதியிருக்கிறார். அப்படியே தூக்கி வைக்காதீர்கள். ஒரு சமூகம் ஒரு சிக்கலுக்கு எவ்வளவு நுட்பமாக வழி கண்டிருக்கிறது என்று பார்த்து, உங்கள் ஆழியருக்கு உங்கள் வழியைக் கண்டுபிடியுங்கள்.

எனக்கு உறுத்திய இன்னொன்று, பெண்கள் குறைவு என்பதால் அவர்களை மாளிகையில் பூட்டி வைத்திருக்கிறீர்கள். காசிமேட்டில் விடியற்காலை ஏலத்தில் நின்று பார்த்தவர் எழுதுகிற காரியமா இது? மீன் கரையேறின பிறகு அதற்கு விலை சொல்வதும், கூடையில் ஏற்றி விற்பதும், அந்தக் காசை வீட்டில் ஆள்வதும் யார்? அரிதானது பூட்டப்படும் என்பது ஒரு சாத்தியம்தான். அரிதானது பேரம் பேசும் என்பதும் ஒரு சாத்தியம்.

ஊர் வரைபடமும் அனுப்பியிருந்தீர்கள். அதில் அரண்மனையும் சந்தையும்தான் இருக்கின்றன. அடுக்கு என்பது தெருவில் தெரியவேண்டும். 18-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில், இன்றைய ஜார்ஜ் டவுனாகிய கறுப்பர் நகரத்தில் வலங்கை, இடங்கை என்ற இரண்டு சாதி அணிகளுக்கும் மூண்ட தகராறு, எந்தத் தெருவில் யார் ஊர்வலம் போகலாம் என்பதில் வந்தது. கவர்னர் தாமஸ் பிட் காலத்தில் பெத்தநாயக்கன்பேட்டை வலங்கைக்கு, முத்தியால்பேட்டை இடங்கைக்கு என்று பிரித்துவிட்டார்கள். ஆழியர் ஊரிலும் ஒருவன் தாண்டக்கூடாத ஒரு தெருமுனையைக் குறியுங்கள், போதும்.

கடைசியாக, எண்ணைக் கதையில் எப்படிச் சொல்வது? எங்கேயும் சொல்லாதீர்கள். யாராவது எண்ணுவதைக் காட்டுங்கள். 2011-இல் பள்ளி ஆசிரியராக இருந்த எனக்கு ராயபுரம் பக்கம் ஒரு குப்பத்தில் கணக்கெடுப்பு வேலை போட்டார்கள். வாசலில் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்த ஒரு அம்மாவிடம் வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டேன். தலை நிமிராமல், "கடல்ல கீறவனயும் சேத்தா சார்?" என்றார். சேர்த்துத்தான் என்றேன். விரலில் ஒட்டிய செதிலைத் தரையில் தேய்த்துவிட்டு, "அப்ப ஒம்போது. ஆனா அடுப்பு ரெண்டு" என்றார். கணக்கெடுப்பில் குடும்பம் என்றால் ஒரே அடுப்பில் சாப்பிடுகிறவர்கள் என்றுதான் விதி. இரண்டு மணி நேரப் பயிற்சி வகுப்பில் எனக்குப் புரியாதது அங்கே புரிந்தது. நான் இரண்டு படிவம் எடுத்தேன்.

பிப்ரவரி 28 ராத்திரி வீடில்லாதவர்களை எண்ணப் போனோம். துறைமுகச் சுவர் ஓரம், வலைக் குவியல்மேல் படுத்திருந்தவர்களை டார்ச் அடித்து எழுப்பிப் பேர் கேட்கவேண்டும். ஒருவர் எழுந்து உட்கார்ந்து, பேரைச் சொல்லாமல், "என்ன எதுக்கு சார் எய்தற? நான் எந்த வூட்டுக்கும் கெடயாது" என்றார்.

உங்கள் முதல் அத்தியாயத்தில் அரசர் முடிசூடுகிறார். அதை நாலாவது அத்தியாயத்துக்குத் தள்ளுங்கள். ஆழியரின் கணக்குப்பிள்ளை விளக்கோடு மணல்திட்டில் இறங்கி, படுத்திருக்கும் முதல் ஆளின் தோளைத் தொடட்டும்.