முருங்கை அவரைக் குடும்பம் அல்ல

வணக்கம். பள்ளித் தோட்டப் பலகையில் முருங்கையை அவரைக் குடும்பம் என்று எழுதலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து வேண்டாம். கூட்டிலையும் நீண்ட காயும் பலரை ஏமாற்றிவிடுகின்றன. முற்றிக் காய்ந்த நெற்று ஒன்றைப் பிள்ளைகள் கையிலேயே கொடுத்து உடைக்கச் சொல்லுங்கள். அவரைக்காய் இரண்டாகப் பிளக்கும். முருங்கை மூன்றாகப் பிளக்கும், உள்ளே இருக்கும் விதைக்கும் மூன்று சிறகுகள். அதன் குடும்பம் மொரிங்கேசி. ஒரே பேரினம், 13 இனங்கள், அவ்வளவுதான்; நம் காட்டுமுருங்கையும் அதில் ஒன்று. மரபணு ஆய்வுகளின்படி மிக நெருங்கிய சொந்தம் பப்பாளிக் குடும்பம். கடுகும் அதே வரிசைதான் (வரிசை என்றால் பல குடும்பங்கள் சேர்ந்த பெரிய பிரிவு). முருங்கை வேரைக் கீறி முகர்ந்தால் கடுகின் காரநெடி மூக்கில் ஏறும். அந்த உறவுக்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை. பலகையில் 'குடும்பம்: மொரிங்கேசி, வரிசை: பிராசிகேலிஸ்' என்று எழுதிவிடுங்கள்.