ஜெலட்டினா, கடல்பாசியா?

அன்னாசி புடிங் இறுகவேயில்லை. இரண்டாவது பக்கெட்டும் தண்ணீராகிவிட்டது. கடையில் திருப்பிக் கொடுக்கலாமா?
– வாசகி, ஹட்டன்

பாவம் கடைக்காரர். சமைக்காத அன்னாசியிலுள்ள புரோமலைன் என்ற நொதியம் ஜெலட்டினின் புரதத்தையே அறுத்துவிடும். பப்பாசியும் இஞ்சிச்சாறும் அப்படித்தான். பழத்தை ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு ஆறவைத்துச் சேருங்கள்.

ஜெலட்டினுக்குப் பதில் ஜெலி பக்கெட் போடலாமா?
– தலவாக்கலை

கூடாது. அதில் பெரும்பகுதி சீனி. பக்கெட்டின் பின்புறத்தைப் படித்திருந்தால் இந்தக் கடிதமே வந்திராது.

குறிப்பில் நான்கு ஜெலட்டின் தாள். என்னிடம் தூள்தான் உண்டு.
– பண்டாரவளை

7 கிராம் தூள், அதாவது இரண்டேகால் தேக்கரண்டி. அரை லீற்றருக்குக் காணும். ஐந்து பங்கு குளிர்நீரில் தூவிப் பத்து நிமிடம் ஊறவிடுங்கள். நேரே சுடுநீரில் கொட்டினால் வெளியே பிசின், உள்ளே உலர்ந்த தூள் என்று கட்டிபடும். ஊறியதைச் சுடுநீர்ப் பாத்திரத்தின்மேல் வைத்துக் கரையுங்கள். கொதிக்கவிட்டால் பலம் குறையும். தாளே வாங்குவதானால் 'கோல்ட்' என்ற தரப் பெயருக்குக் கூடுதல் காசு வேண்டாம். சில்வர் தரத்துக்குப் பலம் குறைவு, எடை கூட: கோல்ட் 2 கிராம், சில்வர் 2.5. தாளுக்குத் தாள் ஈடுதான். அந்தப் பெயருக்கு நானும் காசு அழுதிருக்கிறேன்.

நாங்கள் சைவம். 'வெஜிடபிள் ஜெலட்டின்' என்று ஒரு தூளைச் சொப்பிங் பையில் கட்டித் தந்தார்கள். இப்போது சந்தேகம்.
– பதுளை

பிழை உங்களுடையதல்ல. தாவர ஜெலட்டின் என்று ஒன்று கிடையவே கிடையாது. ஜெலட்டின் மாடு, பன்றி, மீன் ஆகியவற்றின் தோலிலும் எலும்பிலும் இருந்து எடுப்பது. தாவர வகை வேண்டுமானால் கடல்பாசி, அதாவது அகர், இல்லாவிட்டால் வேறொரு கடல்பாசியிலிருந்து எடுக்கும் கராஜீனன். லேபிளில் 406, 407 என்ற இலக்கங்கள் அவைதான். ஒரு வீட்டில் மாடு ஆகாது, அடுத்த வீட்டில் பன்றி ஆகாது. அப்படியிருக்க, எதிலிருந்து வந்தது என்று ஒரு வரிகூட இல்லாமல் வெள்ளைத் தூளைப் பிரித்துக் கட்டி விற்பது என்ன நியாயம்? ஒரு சிட்டிகையை ஊறவைத்துக் கை பொறுக்கும் சுடுநீரில் கலக்குங்கள். தெளிவாகக் கரைந்தால் ஜெலட்டின். அகர் கொதிக்காமல் கரையாது. ஜெலட்டின்தான் என்றால் நுகர்வோர் அதிகாரசபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் சொல்லுங்கள். எழுத்துமூல முறைப்பாடு, பொருள் வாங்கிய மூன்று மாதத்துக்குள் போகவேண்டும். பற்றுச்சீட்டு இருக்கிறதா? கேட்டால் தருவது கடைக்காரரின் கடமை.

பிரிட்ஜ் இல்லை. எது வாங்கலாம்?
– இராகலை

கடல்பாசி. தூளானால் ஒரு கோப்பைக்கு ஒரு தேக்கரண்டி. கொதி வந்தபின் மூன்று நிமிடம் கிண்டுங்கள். 40 பாகைக்குக் கீழே தானாக இறுகும், உங்கள் ஊர்க் குளிருக்குச் சொல்லவே வேண்டாம். பால் சேர்த்தால் அன்றே சாப்பிட்டுவிடுங்கள்.